மீனுக்கு ஊற்றிய நல்ல தண்ணீர்

எங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கும் மீன் தொட்டியைப் பார்க்க வருகிறவர்களுக்கு முதலில் ஒரு செல்பி வேண்டும். தொட்டி விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு ஒன்று, கீரைக் குழாய்களுக்கு நடுவே குனிந்து ஒன்று. அதன் பிறகுதான் கேள்வி. மண்ணே இல்லாமல் எப்படி முளைக்கும் என்பார்கள். கண்ணுக்கு முன்னால் முளைத்து நிற்கிறதைப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள். போன மாதம் ஆர்.எஸ்.மங்கலம் பக்கமிருந்து வேன் பிடித்து ஒரு விவசாயக் குழு வந்தது. அதில் ஒருவர் தொட்டியை இரண்டு சுற்று சுற்றி வந்துவிட்டு, மீனைத் தண்ணீரில்தானே விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். வேறு எதில் விடுவார்கள் என்று நினைத்தாரோ தெரியவில்லை. மோர் கொடுத்து அனுப்பினேன்.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. தொட்டியில் மீன் இருக்கிறது. தின்கிறது, தின்றதைத் தண்ணீரிலேயே கழிக்கிறது. அந்தக் கழிவு தேங்கினால் அமோனியா என்ற நஞ்சாகி மீனையே கொன்றுவிடும். அதனால் ஒரு மோட்டார் அந்தத் தண்ணீரை மேலே ஏற்றி, ஜல்லி நிரப்பிய பாத்திகள் வழியாக விடுகிறது. ஜல்லியில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் குடியிருக்கின்றன. அவை நஞ்சை உரமாக்குகின்றன. உரத் தண்ணீர் பிளாஸ்டிக் குழாய்களில் ஓடுகிறது. குழாயில் ஓட்டை போட்டுச் சொருகிய செடிகள் அதை வேரால் உறிஞ்சிக்கொள்கின்றன. மிச்சத் தண்ணீர் மறுபடி மீனுக்கே வந்து விழுகிறது. இவ்வளவுதான். இதையெல்லாம் நான் மூச்சு வாங்கச் சொல்லி முடித்ததும், "அப்ப யூரியா எப்ப போடுவீக?" என்பார்கள்.

கடைசியில் யார் இதை வடிவமைத்தது என்று கேட்பார்கள். என் வீட்டுக்காரர் என்பேன். அவர் எங்கே என்பார்கள். குவைத்தில் என்பேன். இவ்வளவு நன்றாக ஓடுவதை விட்டுவிட்டு ஏன் போனார் என்று கூட்டத்தில் ஒருவராவது கேட்காமல் இருந்ததில்லை. அதற்கு மட்டும் நான் இதுவரை யாருக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. சிரித்து மழுப்பிவிடுவேன். இங்கே சொல்லிவிடுகிறேன்.

அவர் பைப் ஃபிட்டர். கல்யாணத்துக்கு முன்பே குவைத்துக்குப் போனவர். இந்தத் தொட்டியைக் கட்டியபோது எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகியிருந்தது என்றாலும் குடித்தனம் நடந்தது லீவு லீவாகத்தான். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருவார். சொந்தக்காரர்களுக்குச் சோப்பும் சென்ட்டும் கொடுத்துத் தீர்ப்பதற்குள் பாதி நாள் போய்விடும். அவருக்குக் குழம்பில் எவ்வளவு புளி வேண்டும் என்று எனக்குப் பிடிபடும்போது கிளம்பிவிடுவார். அந்த முறை வந்தபோதுதான், ஆறு மாதம் இருந்து பார்க்கிறேன், இங்கேயே ஏதாவது அமைந்தால் திரும்பிப் போகவில்லை என்றார். கம்பெனியில் அவர் இடத்தைக் காலியாக வைத்திருந்தார்கள். வருகிறேன், வரவில்லை என்று வைகாசி முடிவதற்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

எனக்கு அவர் போகக்கூடாது. இதை இப்போது எழுதச் சுலபமாக இருக்கிறது. அப்போது வாயில் வரவே இல்லை. என் வாய் வேறு ரகம். பிறந்த வீட்டில் அண்ணன்மார் இருவரும் சட்டையில் பொத்தான் அறுந்ததைக்கூட என்னிடம் சொல்லப் பயப்படுவார்கள். ஊசியை எடுப்பதற்கு முன்னால் நான் பேசுகிற பேச்சைக் கேட்பதற்குப் பதில் பொத்தான் இல்லாமலே போய்விடுவார்கள். இருந்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டிய இடத்தில், "போறவுக போங்க, உங்கள யாரு கட்டிப் போட்டு வச்சிருக்கா" என்றுதான் எனக்கு வரும்.

மாமாவுக்கு, அதாவது அவருடைய அப்பாவுக்கு, கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நெல் வயல் இருக்கிறது. அதில் இறங்க மகனுக்கு இஷ்டமில்லை. குவைத்தில் அறையில் உட்கார்ந்து வீடியோ வீடியோவாகப் பார்த்து, மீனும் கீரையும் சேர்த்து வளர்ப்பது என்ற முடிவோடு வந்து இறங்கியிருந்தார். அந்த வீடியோக்களை எனக்கும் போட்டுக் காட்டினார். ஒருவன் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு லெட்யூஸ் என்ற கீரையைப் பறித்தான். பின்னால் பனி இறங்குகிறது. எங்கள் ஊரில் சித்திரை வெயிலில் குழாயைத் தொட்டால் கை வெந்துபோகும். இவனுக்கு ராமநாதபுரம் எந்தத் திசையில் இருக்கிறதென்று தெரியுமா என்று கேட்டேன். அதற்குத்தான் பச்சை வலைப் பந்தல் என்றார். எதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார், அதுதான் எரிச்சல்.

போன வருஷத்துக் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் படம் வரைந்தார். தொட்டி எவ்வளவு உயரம், பாத்தி எங்கே, தண்ணீர் எந்தப் பக்கம் சரிய வேண்டும் எல்லாம் அதில் இருக்கும். பிறகு பைப்பைத் தொட்டார். அவ்வளவுதான், ஆள் கையில் இல்லை. ஒரு வால்வு போதும் என்ற இடத்தில் மூன்று வைத்தார். கழற்றி மாட்ட வசதியாக இருக்கட்டும் என்று முழத்துக்கு ஒரு யூனியன். எங்கள் கொல்லையில் கச்சா எண்ணெய் எடுத்துக் கப்பலில் ஏற்றப் போகிறோம் என்று அக்கம்பக்கத்தில் நினைத்தாலும் நினைத்திருப்பார்கள். நான் சொல்லியும் காட்டினேன். அவர் ரசமட்டத்தை வைத்துக் குழாயின் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பேச்சு அவருக்கு ரேடியோ ஓடுகிற மாதிரி.

மீன் விஷயத்தில் ஊரே சிரித்தது. உப்பூர்க் கடல் எங்களுக்குச் சைக்கிள் மிதிக்கிற தூரம். காலையில் வண்டியில் காரலும் நகரையும் வந்துவிடும், ஐஸ்கூடப் படாத மீன். இங்கே உட்கார்ந்துகொண்டு இவர் ஜிலேபி மீன் வளர்க்கப் போகிறார். எங்கள் பக்கத்தில் ஜிலேபியை மீன் கணக்கில் சேர்ப்பதில்லை. சேற்று வாடை அடிக்கும், வேறு எதுவும் கிடைக்காதவன் தின்பது என்று பேச்சு. கீரையிலாவது புத்தி வந்திருக்கும் என்றால் அதுவும் இல்லை. லெட்யூஸ். முதல் பயிர் வந்தபோது பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, முட்டைக்கோஸ் உருளாமல் போய்விட்டதே என்று துக்கம் விசாரித்தாள். ஆட்டுக்கு இரண்டு இலை போட்டேன். மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டது.

ஆனால் எல்லாக் கூத்தையும் விடப் பெரிய கூத்து தண்ணீரில் நடந்தது. அதில் சிரித்தவள் நான்.

எங்கள் பக்கத்தில் தண்ணீருக்கு இரண்டே சாதி. நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. அதைத் தீர்மானிப்பது நாக்கு. யார் வீட்டுக்குப் போனாலும் கொடுத்த செம்பில் ஒரு வாய் குடித்துவிட்டு, இது எங்கே எடுத்தது என்று விசாரிப்பது மரியாதை. பெண் கொடுக்கப் போனாலும் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பார்கள். என்னை இங்கே கொடுக்கும்போது என் அய்யா அப்படித்தான் செய்தார். ஒரு செம்பு முழுவதும் குடித்துவிட்டு, நல்ல வீடு என்றார். மாப்பிள்ளை அப்போது குவைத்தில் இருந்தார்.

அது போர்வெல் தண்ணீர் இல்லை. கூரையில் விழுகிற மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்க மாமா நிலத்துக்குள் கட்டிய தொட்டியில் எடுத்தது. ஐப்பசி கார்த்திகையில் நிரம்பினால் வருஷம் முழுக்க வரும். அந்தத் தொட்டிதான் இந்த வீட்டின் கௌரவம். போர் தண்ணீரைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, குழாய் வாயெல்லாம் வெள்ளையாகக் காறைபிடிக்கும். மாடுகூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அந்தப் போர் தண்ணீரைத்தான் மீன் தொட்டிக்குப் பாதி ஊற்ற வேண்டும் என்றார் இவர். பாதி போர், பாதி மழை. காலண்டர் தாளில் அப்படித்தான் எழுதியிருந்தார். காரணமும் சொன்னார். ஜல்லியில் இருக்கும் கிருமிகள் நஞ்சை உரமாக்க ஆக்க, தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகப் புளிக்குமாம். போர் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து அந்தப் புளிப்பைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளுமாம். மழைத் தண்ணீருக்கு அந்தத் தெம்பு கிடையாதாம்.

"பருப்பே வேகாத தண்ணியிலயா மீனு வளரும்? நம்ம வீட்டுக்கு வந்ததுக்கு உப்புத் தண்ணிய வச்சோம்னா ஊருல என்ன பேசுவாக?" என்றேன்.

மீனுக்கு விருந்தாளி மரியாதை. இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. மாமா உடனே என் பக்கம் சேர்ந்துகொண்டார். அவர் கட்டிய தொட்டித் தண்ணீருக்குத் தெம்பில்லை என்று மகனே சொல்லிவிட்டானே என்று அவருக்குப் பொறுக்கவில்லை. இருபது வருஷமாக இதைக் குடித்துத்தான் நீ வளர்ந்தாய் என்று ஆரம்பித்துவிட்டார். இரண்டு பேருக்கு எதிராக ஒருவர். இவர் சண்டை போடுகிற ஆள் இல்லை. சரி, பார்ப்போம் என்றார். தை மாதத்தில், முழுக்க முழுக்க நல்ல தண்ணீரிலேயே மீன் குஞ்சுகளை விட்டோம். நான் ஒரு வாய் குடித்துக் காட்டினேன்.

முதல் மூன்று மாதம் எல்லாம் கேட்ட மாதிரி நடந்தது. காலையில் எழுந்ததும் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து, ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவார். பச்சையாக இருந்தால் தண்ணீர் சரியாக இருக்கிறது. நீலத்துக்குப் போனால் காரம், மஞ்சளுக்குப் போனால் புளிப்பு. மீனுக்குச் சுகர் டெஸ்ட் எடுத்தாச்சா என்பேன். அதையும் சிரித்துக்கொண்டே எழுதி வைப்பார். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் அவரிடம் தலை பின்னிக்கொள்ளப் பழகினாள். பைப் மரைக்கு நூல் சுற்றுகிற மாதிரி இறுக்கிப் பின்னுவார். பிள்ளைக்குப் புருவம் இரண்டும் மேலே ஏறி நிற்கும். என்னிடம் பின்ன வரமாட்டேன் என்றாள். எனக்கு அதில் பொறாமைகூட வரவில்லை. நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று யாரிடமும் சொல்லவில்லை.

சித்திரையில் வெயில் ஏறியது. தொட்டியில் தண்ணீர் இறங்க இறங்க மேலும் மேலும் மழைத் தண்ணீரையே விட்டோம். அவர் கையிலிருந்த கண்ணாடிக் குழாய் பச்சையிலிருந்து வெளுத்தது. வைகாசி பிறந்தபோது நல்ல மஞ்சள். மீன்கள் தீனிக்கு முன்போல முட்டிமோதி வரவில்லை. லெட்யூஸ் இலையும் வெளிறியது. இனிமேல் தினம் ஒரு குடம் போர் தண்ணீர் விடப் போகிறேன், ஒரேயடியாக ஊற்றக்கூடாது, அளந்து பார்த்துப் பார்த்து விட வேண்டும் என்றார். ஆரம்பிப்பதற்குள் ராமேஸ்வரத்தில் ஒரு ஓட்டல் மேனேஜர் கீரையைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார். அதை முடித்துவிட்டு வந்து மறுநாள் தொடங்கலாம் என்று நல்லதில் நல்லதாகப் பார்த்து இருபது கட்டு பறித்து, தெர்மாகோல் பெட்டியில் ஈரச் சாக்கு போட்டு அடுக்கினார்.

முதல் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சொன்னார்:

"நான் வார வரைக்கும் ஒண்ணும் செய்யாத. தீனியும் போட வேணாம். தண்ணியத் தொடாத."

தண்ணியத் தொடாதே என்று என்னிடம். இந்த வீட்டுத் தண்ணீரைப் பற்றி எனக்குச் சொல்ல இவர் யார் என்று தோன்றியது. மாமா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார், மகள் பள்ளிக்கூடம் போய்விட்டாள். நான் தொட்டியருகே போய் நின்றேன். மீன்கள் அடியிலேயே கிடந்தன. உள்ளங்கையில் ஒரு வாய் அள்ளிக் குடித்துப் பார்த்தேன். மீன் கழிந்த தண்ணீரைக் குடித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிற ஜனம் உலகத்தில் எங்களைத் தவிர வேறு எங்கும் இருக்க முடியாது. புளிப்பது போலிருந்தது. அல்லது மஞ்சள் நிறத்தைப் பார்த்துப் பார்த்து, புளிக்கத்தான் வேண்டும் என்று என் நாக்கு முடிவு செய்திருந்தது.

இதற்கெல்லாமா போர் தண்ணீரைத் தேடுவது என்று நினைத்தேன். எங்கள் அய்யா வருஷா வருஷம் கோடையில் கிணறு தூர் வாரிவிட்டு ஒரு கூடை கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கொட்டுவார். இரண்டு நாளில் தண்ணீர் பளிங்காகிவிடும். சுண்ணாம்புச் சத்துதானே வேண்டும் என்கிறார். பொங்கலுக்கு வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பு அரை மூட்டை விறகடியில் கிடந்தது. அவர் ராமேஸ்வரத்திலிருந்து வருவதற்குள் மீன்கள் மேலே வந்து விளையாட வேண்டும். நான் என்ன செய்தேன் என்று அவர் கேட்க வேண்டும். நான் ஏதாவது எகத்தாளமாகச் சொல்ல வேண்டும். வைகாசி முடிய இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அவரை இங்கே இருத்திவைக்க என்னால் ஆனது இதுதான் என்று எனக்குத் தோன்றியது. வாயால் செய்ய முடியாததை வாளியால் செய்யப் பார்த்தேன்.

ஒரு வாளி கரைத்து ஊற்றினேன். தொட்டி பெரிதாயிற்றே என்று இன்னொரு வாளியும் கரைத்து ஊற்றினேன்.

மீன்கள் மேலே வந்தன. விளையாட வரவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடின. சில சுவரில் போய் முட்டின. அடுப்பில் உலை கொதிக்கிறதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் பாதி மல்லாந்துவிட்டன. குடம் குடமாக நல்ல தண்ணீரைத் தூக்கி வந்து ஊற்றினேன். மத்தியானத்துக்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஏன் என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. தண்ணீர் புளித்ததும் கிருமிகள் வேலையை நிறுத்திவிடுகின்றன. நஞ்சு சேர்ந்துகொண்டே போகிறது. ஆனால் புளித்த தண்ணீரில் அந்த நஞ்சுக்கு வேகம் கிடையாது, சும்மா கிடக்கும். அதில் ஒரேயடியாகச் சுண்ணாம்பைக் கொட்டினால் கிடந்ததெல்லாம் ஒன்றாக எழுந்துகொள்ளும். கிணற்றில் யாரும் நூறு மீனை அடைத்து நாலு மாதம் தீனி போடுவதில்லை. அய்யா கிணற்றுக்கு அது சரி. அதைச் சொல்லித்தர வேண்டிய ஆள் அன்றைக்கு ராமேஸ்வரத்தில் இருந்தார், சொல்லித்தந்தாலும் கேட்கிற காது எனக்கு இல்லை.

பிறகு நான் செய்ததுதான் இன்னும் மோசம். வாளியைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தேன். மூட்டையை விறகுக்கு அடியில் தள்ளினேன். தொட்டி விளிம்பில் பட்டிருந்த வெள்ளையைத் தேங்காய் நாரால் துடைத்தேன். மிதந்த மீன்களை மட்டும் எடுக்கக் கை வரவில்லை.

நாலு மணி பஸ்ஸில் வந்தார். வெறும் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிக்கொண்டே வந்தார். வாசலிலேயே சொல்ல ஆரம்பித்தார். அது சைவ ஓட்டலாம். மீன் தண்ணீரில் வளர்ந்த இலை சைவத்தில் சேருமா என்று மேனேஜர் பெரிய யோசனையில் விழுந்துவிட்டாராம். அக்னி தீர்த்தத்தில் மீன் இல்லையா, அதில்தானே காசியிலிருந்து வந்தவர்கள் எல்லாம் முழுகுகிறார்கள் என்று இவர் கேட்டாராம். மேனேஜர் சிரித்துவிட்டு வாரம் இரண்டு தடவை கொண்டுவரச் சொல்லிவிட்டாராம். அவர் இவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை. நான் குறுக்கிடவில்லை. சொல்லி முடிக்கட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன்.

கொல்லைக்குப் போனார். நான் போய்ப் பார்த்தபோது கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்தை விட்டிருந்தார். கருநீலமாக இருந்தது. காலையில் மஞ்சளாக இருந்த தண்ணீர் அது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏ புள்ள, ஏதாச்சும் விட்டியா இதுல?"

கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் சண்டை போட்டு, சண்டையோடு சண்டையாக உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

"நான் என்னத்த விடுறேன்? நீங்க கட்டுன தொட்டி, நீங்க வச்ச வால்வு. அத விட்டுட்டு என்னையக் கேக்குறீக" என்றேன்.

அவர் சரி என்றார். கூடையை எடுத்துவந்து மீன்களை அள்ளி, முருங்கையடியில் குழி வெட்டி மூடினார்.

அடுத்த ஒன்பது நாளும் வீட்டில் துக்க விசாரணை. வந்தவர்கள் எல்லோரும் விஞ்ஞானிகள். ஒருவர் கண்திருஷ்டி, பூசணிக்காய் கட்டச் சொன்னார். ஒருவர் கடல்காற்று ஆகவில்லை என்றார். கடல்காற்றே ஆகாத மீன். மாமா ஒவ்வொருவரிடமும் நல்ல தண்ணீர் இவ்வளவும் வீணாய்ப் போனதே என்று வருத்தப்பட்டார். மீனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வடிவமைப்பில் கோளாறு என்று ஊர் முடிவுக்கு வந்தது. நானும் தலையாட்டினேன்.

அவர் அந்த ஒன்பது நாளும் தொட்டிப் பக்கம் போகவில்லை. நான் இருக்கிற இடத்துக்கு வந்து உட்காருவார். காய் நறுக்கினால் எதிரே உட்காருவார். துணி துவைத்தால் அருகே வந்து நிற்பார். இலை மட்டும் வெட்கமில்லாமல் நின்றுகொண்டிருந்தது, அதைப் பறிக்கவும் போகவில்லை. எனக்கு அவர் பக்கத்தில் இருப்பதே முள்ளாகக் குத்தியது. "இங்கன என்ன வேடிக்கை? போயி உங்க வால்வ எண்ணுங்க" என்று விரட்டினேன். சிரித்துவிட்டு மறுபடி அங்கேயே உட்காருவார். வேலையற்றுப் போய் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். அதையும் சொல்லிக் காட்டினேன்.

பத்தாம் நாள் காலையில் குவைத் கம்பெனிக்குப் போன் போட்டு, வேலைக்கு வருகிறேன் என்று சொன்னார். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"நல்லதாப் போச்சு. அங்கன போயி எண்ணெய்க் குழாய மாட்டுங்க. அதுல மீனு சாகாது" என்றேன்.

ஆனியில் போய்விட்டார். மகள் ஒரு வாரம் தலை பின்னிக்கொள்ள மாட்டேன் என்று அழிச்சாட்டியம் செய்தாள். பிறகு என்னிடமே வந்தாள்.

நான் சும்மா இருக்கவில்லை. யார் மேல் கோபம் என்று தெரியாத ஒரு கோபத்தில் தொட்டியைக் காலி செய்து கழுவினேன். காலண்டர் தாளை எடுத்து வைத்துக்கொண்டு அதில் எழுதியிருந்தபடி பாதி போர், பாதி மழை என்று நிரப்பினேன். மாமா வந்து மூக்கைச் சுளித்தார். குடிக்கப் போகிறது நீங்களா மீனா என்று கேட்டேன். போய்விட்டார். குவைத்தில் அவருக்கு வெள்ளிக்கிழமை லீவு. மத்தியானம் கூப்பிடுவார். எந்த வால்வை எவ்வளவு திறக்க வேண்டும், கிருமி சேர எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும் என்று போனிலேயே சொல்லித்தருவார். மூன்று வால்வு எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. ஒரு பாத்தியை மட்டும் நிறுத்திக் கழுவலாம், மற்றது ஓடிக்கொண்டிருக்கும். நல்ல யோசனை என்று அவரிடம் சொல்லவில்லை.

இப்போது இரண்டு வருஷமாக ஓடுகிறது. சைவ ஓட்டலுக்கு வாரம் இரண்டு தடவை இலை போகிறது. மாமா ஜிலேபியை வைது வைதே இரண்டு துண்டு கூடுதலாகத் தின்கிறார். ஊரில் எல்லோருக்கும் இது முதலிலிருந்தே தெரியும், அவர்கள்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்களாம். வேன் பிடித்து ஆட்கள் வருகிறார்கள். செல்பி எடுக்கிறார்கள்.

இந்த ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. பச்சை வலையைத் தாண்டி மழை நேராகத் தொட்டியில் கொட்டி நிரம்பி வழிந்தது. பிறகு சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால் மஞ்சள். இன்னொரு தடவை விட்டுப் பார்த்தேன், அதுவும் மஞ்சள். வெள்ளிக்கிழமை அவர் கூப்பிட்டதும் முதல் வேலையாக அதைச் சொன்னேன். எவ்வளவு மஞ்சள், மீன் தீனிக்கு வருகிறதா என்று கேட்டார். வருகிறது என்றேன்.

"அப்ப பயமில்ல. போர் தண்ணி தினம் ஒரு குடம் விடு. அதுலயும் தேறலைன்னா சுண்ணாம்பு போடு. அன்னைக்கி மாதிரி வாளியோட ஊத்திறாத. ஒரு கைப்பிடி எடுத்துக் கரைச்சு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடு."

போனைக் காதில் வைத்தபடி விறகடியைத் திரும்பிப் பார்த்தேன். மோட்டார் ஓடுகிற சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும்.

"தெரிஞ்சுக்கிட்டேதான் போனீகளா?" என்றேன்.

"நீ சொல்லுவன்னு ஒம்பது நாளு ஒன் பக்கத்துலயே உக்காந்து பாத்தேன்" என்றார்.

குறையாகச் சொல்லவில்லை. போர் தண்ணீர் ஒரு குடம் என்று சொன்ன அதே குரலில் சொன்னார். நான் எப்போதும்போல எதையாவது எடுத்து எறிய வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. நான்தான் ஊற்றினேன் என்பதும் வரவில்லை, வந்துவிடுங்கள் என்பதும் வரவில்லை. அவர் இரண்டு தடவை ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுப் பார்த்தார். லைன் போய்விட்டதென்று நினைத்து வைத்துவிட்டார். லைன் போகவில்லை.